ஒரே நாளில் மாறிய குற்றச்சாட்டு: சான் அன்டோனியோ பள்ளித் துப்பாக்கி வழக்கு, 1992–1995

பள்ளிக்கு அருகே ஒருவர் துப்பாக்கியைக் காட்டி மிரட்டினால் அமெரிக்காவில் என்ன சட்டம் பாயும்? ஒரே வரியில் பதில் சொல்ல முடியாத கேள்வி இது. மிரட்டலுக்கு ஒரு சட்டம், வெறுமனே வைத்திருப்பதற்கு இன்னொரு சட்டம், சுட்டால் வேறொன்று. போதாததற்கு மாநிலச் சட்டம் தனி, மத்திய அரசின் சட்டம் தனி. இவற்றில் எதைக் கையில் எடுப்பது என்ற முடிவுதான் சில சமயம் வழக்கின் கதியையே தீர்மானித்துவிடுகிறது.

இங்கே எடுத்துக்கொண்ட நிகழ்வில் யாரும் யாரையும் மிரட்டவில்லை, ஒரு தோட்டாகூட வெடிக்கவில்லை. ஆனாலும் பள்ளி, துப்பாக்கி, குற்றச் சட்டம் மூன்றும் சேரும் இடத்தில் இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து வேறில்லை. சட்டப் புத்தகங்கள் இதை அந்த மாணவரின் குடும்பப் பெயரால் குறிப்பிடுகின்றன. இந்தக் கட்டுரைக்கு அந்தப் பெயர் தேவைப்படவில்லை. தீர்ப்பைப் படிக்க விரும்புவோர் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புத் திரட்டின் 514-ஆம் தொகுதி, 549-ஆம் பக்கத்தில் தொடங்கலாம்.

பின்னணி: 1990-இன் சட்டம்

1990 நவம்பர் 29 அன்று அதிபர் ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ் ஒரு பெரிய குற்றத் தடுப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதற்குள் ஒரு பகுதியாக வந்ததுதான் துப்பாக்கியில்லாப் பள்ளி வளாகச் சட்டம். விஸ்கான்சின் மாநிலத்தைச் சேர்ந்த அமெரிக்க செனட்டர் ஹெர்ப் கோல் முன்னெடுத்தது. பள்ளி வளாகத்துக்குள்ளோ, அதன் எல்லையிலிருந்து 1,000 அடிக்குள்ளோ (சுமார் 305 மீட்டர்) தெரிந்தே துப்பாக்கி வைத்திருந்தால் மத்திய அரசுக் குற்றம், அதிகபட்சம் 5 ஆண்டு சிறை என்றது சட்டம். அரசுப் பள்ளி, தனியார் பள்ளி, தேவாலயப் பள்ளி என்ற வேறுபாடு கிடையாது.

விலக்குகளும் உண்டு. பள்ளிக்குச் சொந்தமில்லாத தனியார் நிலம், அந்த மாநிலம் தகுதி பார்த்து உரிமம் கொடுத்த நபர், வண்டியில் பூட்டிய பெட்டிக்குள் தோட்டா இல்லாமல் இருக்கும் துப்பாக்கி, பணியில் இருக்கும் போலீஸ்காரர். இந்த இரண்டாவது விலக்கைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள். கடைசியில் திரும்ப வருவோம்.

கையெழுத்திட்ட புஷ்ஷுக்கே இந்தப் பகுதி பிடிக்கவில்லை. மாநிலங்களின் முறையான துப்பாக்கிச் சட்டங்களைத் தேவையில்லாத ஒரு மத்தியச் சட்டம் மீறுகிறது என்று தன் கையெழுத்து அறிக்கையிலேயே சொல்லிவிட்டார். ஐந்து ஆண்டுகள் கழித்து உச்ச நீதிமன்றம் அந்த அறிக்கையை எடுத்துக் காட்டியது.

அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. பள்ளியில் ஆயுதம் வைத்திருப்பது டெக்சஸில் ஏற்கெனவே குற்றம். டெக்சஸ் மட்டுமல்ல, நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இப்படிச் சட்டம் இருந்ததாக உச்ச நீதிமன்ற நீதிபதி கென்னடி பின்னால் குறிப்பிட்டார்.

1992 மார்ச் 10

டெக்சஸ் மாநிலம், சான் அன்டோனியோ நகரம், எடிசன் உயர்நிலைப் பள்ளி. பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் துப்பாக்கியோடு வந்திருக்கிறார் என்று பெயர் சொல்லாத யாரோ தகவல் கொடுக்கிறார்கள். பள்ளி நிர்வாகத்தினர் மாணவரை அழைத்து நேரடியாகக் கேட்கிறார்கள். அவர் மறைக்கவில்லை, ஒப்புக்கொள்கிறார். உடையில் மறைத்து வைத்திருந்த .38 காலிபர் கைத்துப்பாக்கியும் ஐந்து தோட்டாக்களும் கிடைக்கின்றன. துப்பாக்கியில் தோட்டா போட்டிருக்கவில்லை, தனியாகத்தான் இருந்தன.

சட்ட உரிமைகளை எடுத்துச் சொன்ன பிறகு அவர் கொடுத்த விளக்கம் இது: ஒருவர் இந்தத் துப்பாக்கியைக் கொடுத்தார், பள்ளி விட்டதும் இன்னொருவரிடம் சேர்க்க வேண்டும், வாங்குபவர் கும்பல் சண்டைக்குப் பயன்படுத்தப் போகிறார், கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குக் கூலி 40 டாலர்.

நிர்வாகம் செய்தது சட்டப்படி சரியா என்று கேட்கலாம். 1985-இல் நியூ ஜெர்சி வழக்கு ஒன்றில், மாணவரைச் சோதிக்கப் பள்ளிக்கு வாரன்ட் தேவையில்லை, நியாயமான சந்தேகம் இருந்தால் போதும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. தெருவில் போலீஸுக்கு இந்தச் சலுகை இந்த அளவுக்கு இல்லை. பெயரில்லாத் தகவலை மட்டும் நம்பி ஒருவரை நிறுத்திச் சோதிக்கக் கூடாது என்று 2000-இல் ஃபுளோரிடா வழக்கு ஒன்றில் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பேருந்து நிறுத்தத்தில் நின்ற இளைஞரிடம் துப்பாக்கி இருப்பதாக வந்த அழைப்பு அது. ஆனால் பள்ளி, விமான நிலையம் போன்ற இடங்களில் அளவுகோல் வேறாக இருக்கலாம் என்று அந்தத் தீர்ப்பே இடம் விட்டது.

ஏன் மிரட்டல் வழக்கு இல்லை?

இந்த இடத்தில் சற்று நின்று பார்க்க வேண்டும். டெக்சஸ் சட்டப்படி, உடனே அடித்துக் காயப்படுத்துவேன் என்று ஒருவரைத் தெரிந்தே மிரட்டுவது தாக்குதல் குற்றத்தின் ஒரு வகை. அதைத் துப்பாக்கியைக் காட்டிச் செய்தால் கடுந்தாக்குதலாக உயர்ந்துவிடும். தண்டனை 2 முதல் 20 ஆண்டு வரை. தோட்டா இருந்ததா இல்லையா என்பது அங்கே பெரிய கேள்வி அல்ல, துப்பாக்கி என்றாலே கொலைக் கருவிதான் என்று சட்டத்தின் வரையறை சொல்லிவிடுகிறது. கலிஃபோர்னியாவிலும் இதே போக்கு. அங்கே கோபமாகவோ மிரட்டும் விதமாகவோ துப்பாக்கியை உருவிக் காட்டுவதைத் தண்டிக்கும் 417-ஆம் பிரிவு, தோட்டா இருந்தாலும் இல்லாவிட்டாலும் குற்றம் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. குழந்தைகள் காப்பக வளாகத்தில் தோட்டா போட்ட துப்பாக்கியைக் காட்டினால் தண்டனை கூடும்.

பள்ளிக்கென்றே டெக்சஸ் கல்விச் சட்டத்தில் இன்று ஒரு பிரிவு இருக்கிறது. பீதி கிளப்பும் நோக்கத்தோடு பள்ளியிலோ பள்ளிப் பேருந்திலோ துப்பாக்கியைக் காட்டினால், அல்லது கையில் வைத்துக்கொண்டு காட்டுவேன் என்று மிரட்டினால் கடுங்குற்றம், 2 முதல் 10 ஆண்டு. துப்பாக்கியே இல்லாமல் வெறும் வாயால் மிரட்டினாலும் குற்றம்தான், ஆனால் கீழ்ப்படியில்.

இந்தச் சட்டங்கள் எல்லாவற்றுக்கும் ஒரு நோக்கம் வேண்டும், ஒரு செயல் வேண்டும். நம் மாணவரிடம் இரண்டும் இல்லை. அவர் யாரையும் பயமுறுத்தவில்லை. அவர் கூலிக்குப் பொருளைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கூரியர் மட்டுமே. துப்பாக்கி மிரட்டப் போவது வேறு இடத்தில், வேறு கையில். அந்தக் கையை எட்டுவதற்கு முன்பே பிடிப்பதற்காகத்தான் 'வைத்திருந்தாலே குற்றம்' என்ற சட்டங்கள் வந்தன. பள்ளி விஷயத்தில் அது நியாயமான யோசனை என்பதே என் கருத்து.

மத்தியச் சட்டத்தின் ஒரு வினோதத்தையும் சொல்லிவிடுகிறேன். இன்றைய வடிவத்தில் அது தண்டிப்பது இரண்டை: பள்ளி வட்டத்துக்குள் துப்பாக்கி வைத்திருப்பது, பிறர் உயிரைப் பற்றிக் கவலையில்லாமல் சுடுவது. நடுவில் இருக்கும் படி, அதாவது நீட்டி மிரட்டுவது, அந்தப் பிரிவில் தனிக் குற்றமாக இல்லை. அது மாநிலங்களின் கையில்.

மறுநாள் எடுத்த முடிவு

மாணவரை முதலில் கைது செய்தது டெக்சஸ் சட்டத்தின் கீழ். பள்ளி வளாகத்தில் ஆயுதம் வைத்திருந்தார் என்பது குற்றச்சாட்டு. இன்றைய சட்டப்படி இதற்கும் 2 முதல் 10 ஆண்டு சிறை. சாட்சி இருக்கிறது, ஆயுதம் இருக்கிறது, வாக்குமூலமும் இருக்கிறது. சாதாரண வழக்கு.

மறுநாள் மத்திய அரசு அதிகாரிகள் 1990 சட்டத்தின் கீழ் குற்றம் சாட்டினார்கள். மாநில வழக்கு கைவிடப்பட்டது.

கைவிட வேண்டிய கட்டாயம் சட்டத்தில் இல்லை. அமெரிக்காவில் மாநிலமும் மத்திய அரசும் இரண்டு தனி இறையாண்மைகள். ஒரே செயலுக்கு இருவரும் வழக்குப் போடலாம். இரட்டைத் தண்டனைத் தடை அதற்குக் குறுக்கே வராது. 2019-இல்கூட உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. ஆக மாநில வழக்கை ஓரமாக நிறுத்தி வைத்திருக்கலாம். ஒன்றரை ஆண்டுகூட ஆகாத, உச்ச நீதிமன்றத்தில் உரசிப் பார்க்காத ஒரு சட்டத்தை நம்பி, பல காலம் நின்று நிலைத்த சட்டத்தை விட்டார்கள். அதிகப் பாதுகாப்பு தேடிப் போன வழியில்தான் வழக்கு பலவீனமானது.

விசாரணையும் மேல்முறையீடும்

கிராண்ட் ஜூரி, அதாவது வழக்கு நடத்த ஆதாரம் போதுமா என்று பார்க்கும் குடிமக்கள் குழு, ஒரே ஒரு குற்றச்சாட்டைப் பதிவு செய்தது. மாணவரின் வழக்கறிஞர் உண்மைகளைப் பற்றி வாதாடுவதில் நேரம் செலவழிக்கவில்லை. நேரே அடித்தளத்துக்குப் போனார்: பள்ளியில் துப்பாக்கி பற்றிச் சட்டம் போட மத்திய அரசுக்கு அதிகாரமே கிடையாது.

அமெரிக்க அரசியலமைப்பில் காங்கிரஸுக்கு, அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு, என்னென்ன அதிகாரம் என்று பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பட்டியலில் இல்லாதது மாநிலங்களுக்கு. மக்களின் பாதுகாப்புக்காகப் பொதுவாகச் சட்டம் போடும் அதிகாரம் (சட்ட மொழியில் போலீஸ் அதிகாரம்) பட்டியலில் இல்லை. மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் இருக்கிறது. 1930-களின் பிற்பகுதியிலிருந்து அந்த ஒரு சொற்றொடரை இழுத்து இழுத்துத்தான் ஏகப்பட்ட மத்தியச் சட்டங்கள் வந்தன. 1942-இல், தன் வீட்டுக்கும் பண்ணைக்கும் கோதுமை விளைத்துக்கொண்ட ஒஹாயோ விவசாயியைக்கூட வணிக அதிகாரத்தின் கீழ் கொண்டுவந்தார்கள்.

விசாரணை நீதிமன்றம் மாணவரின் வாதத்தை ஏற்கவில்லை. பள்ளிகளின் செயல்பாடு வணிகத்தைப் பாதிக்கிறது, ஆகவே சட்டம் செல்லும் என்றது. மாணவர் ஜூரி வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தார்; நீதிபதியே விசாரித்துக் குற்றவாளி என்று முடிவு செய்தார். 6 மாதச் சிறை, அதற்குப் பிறகு 2 ஆண்டு கண்காணிப்பு.

1993 செப்டம்பரில் ஐந்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. பள்ளித் துப்பாக்கிக்கும் வணிகத்துக்கும் என்ன தொடர்பு என்று காங்கிரஸ் எங்கேயும் கண்டறிந்து பதிவு செய்யவில்லை என்பது அதன் முக்கியக் காரணம். அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

உச்ச நீதிமன்றத்தில்

1994 நவம்பர் 8 அன்று வாதம் நடந்தது. அரசு ஒரு சங்கிலி கட்டியது. பள்ளியில் துப்பாக்கி இருந்தால் வன்முறை வரும். வன்முறையின் செலவு காப்பீடு வழியாக நாடு முழுக்கப் பரவும். பாதுகாப்பில்லாத ஊர் என்று மக்கள் பயணம் போகத் தயங்குவார்கள். இன்னொரு கிளையும் உண்டு: பயந்துகொண்டு படிக்கும் பிள்ளைகள் சரியாகப் படிக்க மாட்டார்கள், சரியாகப் படிக்காதவர்கள் நல்ல தொழிலாளர்களாக வர மாட்டார்கள், நாட்டின் பொருளாதாரம் அடிவாங்கும்.

1995 ஏப்ரல் 26 அன்று தீர்ப்பு. 5க்கு 4. தலைமை நீதிபதி ரென்க்விஸ்ட் எழுதினார். ஓ'கானர், ஸ்காலியா, கென்னடி, தாமஸ் உடன் நின்றார்கள். சட்டம் செல்லாது. பள்ளி வட்டத்துக்குள் துப்பாக்கி வைத்திருப்பது எந்த வகையிலும் பொருளாதாரச் செயல் அல்ல. இந்தத் துப்பாக்கி மாநில எல்லை தாண்டி வந்தது என்று நிரூபிக்க வேண்டும் என்றும் சட்டம் கேட்கவில்லை. ஊகத்தின் மேல் ஊகம் அடுக்கினால் மத்திய அரசு கைவைக்க முடியாதது என்று எதுவுமே மிஞ்சாது. திருமணம், மணமுறிவு, குழந்தை யார் பொறுப்பில் என்பதுவரை எல்லாம் வணிகம் ஆகிவிடும். ஏறக்குறைய அறுபது ஆண்டுகளில் வணிக அதிகாரத்தை மீறியதாக ஒரு மத்தியச் சட்டத்தை நீதிமன்றம் இப்படி வீழ்த்தியது இதுதான் முதல் முறை.

மறுத்தவர்கள் பக்கத்தையும் படிக்க வேண்டும், அங்கேதான் பள்ளிக்கூடம் தெரிகிறது. நீதிபதி பிரையர் ஆய்வுகளைப் பட்டியலிட்டார்: உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் 4 விழுக்காட்டினர் எப்போதாவது துப்பாக்கியோடு வருகிறார்கள், நகர்ப்புற மாணவர்களில் 12 விழுக்காட்டினரை நோக்கி யாராவது சுட்டிருக்கிறார்கள், 20 விழுக்காட்டினரைத் துப்பாக்கி காட்டி மிரட்டியிருக்கிறார்கள். ஐந்தில் ஒருவர்! நீதிபதி ஸ்டீவன்ஸ் சுருக்கமாக ஒரு கருத்தைச் சொன்னார்: துப்பாக்கி என்பதே வாங்கி விற்கும் சரக்கு, ஒருவர் கையில் அது இருப்பதே வணிகத்தின் விளைவு. பெரும்பான்மை அதை ஏற்கவில்லை. ஆனால் ஒன்றரை ஆண்டில் காங்கிரஸ் போன பாதை இதற்குப் பக்கத்தில்தான் இருந்தது.

மாணவர் விடுபட்டார். அவரிடம் துப்பாக்கி இருந்ததை எந்தக் கட்டத்திலும் யாரும் மறுக்கவில்லை.

அதற்குப் பிறகு

வழக்கு நிலுவையில் இருக்கும்போதே 1994-இல் இரண்டு வேலைகள் நடந்தன. பள்ளித் துப்பாக்கிக்கும் வணிகத்துக்கும் உள்ள தொடர்பைக் கண்டறிந்ததாகக் காங்கிரஸ் பிந்திய பதிவு ஒன்றைச் சேர்த்தது. உச்ச நீதிமன்றத்தில் அரசே அதை நம்பி வாதாடவில்லை. இன்னொன்று வேறு வழி. மத்திய அரசின் கல்வி நிதி வேண்டுமானால், துப்பாக்கியோடு வரும் மாணவரைக் குறைந்தது ஓராண்டு பள்ளியிலிருந்து நீக்கும் சட்டம் மாநிலத்தில் இருக்க வேண்டும், தனித்தனி மாணவர் விஷயத்தில் தளர்த்தும் உரிமை உள்ளூர்ப் பள்ளி நிர்வாகத்தின் தலைமை அதிகாரிக்கு உண்டு என்ற நிபந்தனை. பணத்தோடு கட்டிய கயிறு என்பதால் வணிக அதிகாரச் சிக்கல் இதற்கு வரவில்லை.

1996 செப்டம்பரில் பள்ளி வளாகச் சட்டம் திரும்ப வந்தது. மாற்றம் ஒரு சொற்றொடர்தான்: மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தில் நகர்ந்த, அல்லது அதைப் பாதிக்கும் துப்பாக்கி. 1,000 அடி, 5 ஆண்டு, விலக்குகள் எல்லாம் பழையபடியே. மாநிலங்கள் தங்கள் சொந்தச் சட்டம் போட இது தடையில்லை என்ற வரியும் அதில் இருக்கிறது. எட்டாவது, ஒன்பதாவது வட்டார நீதிமன்றங்கள் இந்தத் திருத்தத்தை ஏற்றுக்கொண்டன. ஆயுதம் ஏந்தும் உரிமையை விரிவாக்கிய 2008, 2022 தீர்ப்புகளும் பள்ளிகளைத் தனியாகப் பிரித்து, அங்கே தடை விதிக்கலாம் என்றே பேசுகின்றன.

எதை மாற்றிச் செய்திருக்கலாம்

முதலில் அந்த மறுநாள் முடிவு. மத்தியக் குற்றச்சாட்டைச் சேர்த்ததில் தவறில்லை. மாநில வழக்கை விட்டதுதான் தவறு என்பேன். பள்ளி நிர்வாகமும் போலீஸும் தங்கள் பங்கைச் சரியாகவே செய்திருந்தார்கள். வழக்கறிஞர் அலுவலகத்தில் எடுத்த ஒரு முடிவு அதைக் காற்றில் விட்டது.

அடுத்து, சட்டம் எழுதியவர்கள். 1996-இல் சேர்த்த அந்தச் சொற்றொடரை 1990-லேயே சேர்த்திருக்கலாம். மத்தியத் துப்பாக்கிச் சட்டங்களில் அப்படி எழுதுவது அப்போதே பழக்கத்தில் இருந்ததுதான்.

மூன்றாவது, வேறு வழிகள். கென்னடி தன் தனிக் கருத்தில், மாநிலங்கள் வேறு வழிகளையும் சோதித்துப் பார்க்கலாம் என்று சிலவற்றைச் சொன்னார்: தகவல் கொடுப்போருக்கு ஊக்கம், மன்னிப்போடு துப்பாக்கியை ஒப்படைக்கும் திட்டம், பிள்ளையைக் கண்காணிக்கத் தவறும் பெற்றோருக்குத் தண்டனை. 1992-இல் அந்தத் துப்பாக்கியைப் பிடித்துக் கொடுத்தது எந்தச் சட்டமும் அல்ல, பெயர் சொல்லாத ஒரு குரல். அந்தக் குரலுக்கு வழி விட்டு வைக்கிற பள்ளியைப் பற்றி மூன்று நீதிமன்றங்களின் தீர்ப்புகளில் மிகக் குறைவாகவே பேச்சு இருக்கிறது.

அப்புறம் நான் நினைவில் வைக்கச் சொன்ன அந்த விலக்கு. 2021 செப்டம்பர் 1 முதல் டெக்சஸில் 21 வயது நிரம்பிய பெரும்பாலோர் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம். மத்தியச் சட்டத்தின் விலக்கோ உரிமம் பெற்றவருக்கு மட்டும். டெக்சஸில் ஆயுதக் குற்றத்துக்குத் தண்டனை ஒரு படி கூடும் பள்ளி வட்டம் 300 அடி. மத்தியச் சட்டத்துக்கு 1,000 அடி. ஆக பள்ளியிலிருந்து 500 அடியில், உரிமம் இல்லாமல், இடுப்பில் துப்பாக்கியோடு நடைபாதையில் போகும் ஒருவர் மாநிலத்தின் கண்ணில் குற்றமற்றவராகவும் மத்திய அரசின் கண்ணில் குற்றவாளியாகவும் ஒரே நேரத்தில் இருக்க முடியும். அவர் அதை உருவி ஒருவரை மிரட்டினால் மாநிலச் சட்டம் விழித்துக்கொள்ளும். அதுவரை, அந்தத் துப்பாக்கி எந்த மாநிலத் தொழிற்சாலையில் செய்யப்பட்டது என்று வரிசை எண்ணை வைத்துத் தேடும் வேலை மத்திய அரசு வழக்கறிஞருடையது.